நிறம்: இல்லை

புதுவயல் பக்கமிருந்து
இருபது லிட்டர் கேனில் வந்தது அது.
மூடியைத் திருகியதும் ஷெரீபா
துப்பட்டாவை மூக்குக்கு இழுத்துக்கொண்டாள்.
மூன்று நாள் நெல் ஊறிய கழிநீர்.
பழுப்பு, மேலே நுரை,
நுரைக்குள் ஒற்றை உமி.

ஆலை மேலாளர் வைரவன்
கேனோடு கேனாகத் தானும் வந்திருந்தார்.
"இதத் தண்ணியாக்கிக் குடுங்கம்மா,
ஊருணிக்கே விட்டுர்றோம்.
சனமெல்லாம் ரோட்டுல உக்காந்துட்டாக."

செய்தேன்.
கண்ணாடிக் கலம், இரண்டு தகடுகள்,
மின்சாரம் ஓட ஒரு கைப்பிடி உப்பு,
கழனிவாசல் கடையில் வாங்கிய
சாம்பாருக்குப் போடும் அதே கல்லுப்பு.
பத்தாம் நிமிடம் தேநீர்.
இருபத்தைந்தில் எலுமிச்சைச் சாறு.
நாற்பதில்
கலத்துக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில்
பிரதோஷம் என்று எழுதியிருப்பது தெரிந்தது.

வைரவன் கைதட்டினார்.
டம்ளர் ஒன்று கேட்டார்.
விளையாட்டுக்கில்லை. ஆலைக்காக
எதையும் விழுங்கிப் பழகியவர்.
டம்ளரின் வாயை என் கையால் மூடினேன்.
ஏனென்று அப்போது எனக்கும் தெரியாது.
ஒரு மணம், அவ்வளவுதான்:
பிரசவ வார்டைக் கழுவிவிட்ட காலை மாதிரி.

ஷெரீபா நீர்த்தெள்ளு வளர்க்கிறாள்,
ஜன்னலோரம் பதினொரு குடுவைகளில்.
ஊசிமுனை உயிர், கண்ணாடி உடம்பு,
உள்ளே துடிப்பதை எண்ணலாம்.
நாற்றநீரைப் பத்துக்கு ஒன்றாகக் கலந்து
இருபது விட்டாள். மறுநாள் பதினாறு,
குடலெல்லாம் பழுப்பாக, நீந்திக்கொண்டு.
தெளிந்ததையும் அதே அளவு கலந்து
இருபது விட்டாள்.
மறுநாள் என்னைக் கூப்பிடவில்லை.
குடுவையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.
அடியில் வெள்ளையாய் ஒரு தூசி.
இரண்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன,
ஒரே இடத்தில்.

மிச்சக் குளோரினை முறித்துவிட்டு
மறுபடி விட்டுப் பார்த்தோம்.
ஐந்து.

கருவி இரவெல்லாம் கோடு வரைந்தது.
பழைய மேடு படுத்துவிட்டிருந்தது.
அதைத் தாண்டி நான்கு புதிய முளைகள்.
மூன்றுக்குப் பெயர் கிடைத்தது:
உமியின் பீனால் உப்பின் குளோரினைக்
கட்டிக்கொண்டு பெற்றவை.
நான்காவது எந்தப் பட்டியலிலும் இல்லை.
அதுதான் உயரம்.

நெல்லைப் பாதி வேக்காட்டில் இறக்கினால்
புழுங்கலரிசி, மூட்டைக்கு இத்தனை ரூபாய்.
நான் இறக்கியதும் பாதி வேக்காடுதான்.

இன்னும் எரிக்கலாம். ஆறு மணி நேரம், எட்டு,
கரியெல்லாம் காற்றாகிப் போகிறவரை.
அதற்குள் உப்பு குளோரேட்டாகும்.
அதற்கு மணம்கூட இல்லை.
கரண்டு பில்லைப் பற்றி
வைரவனிடம் யார் பேசுவது?

படிவத்தில் நிறத்துக்கு ஒரு கட்டம்.
இல்லை என்று எழுதினேன், பொய்யில்லை.
நாற்றத்துக்கு ஒன்று: சிறிது.
தெள்ளுக்குக் கட்டம் கிடையாது.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறார்
என்று வைரவனைக் குறைசொல்ல முடியாது.
வெளுக்க வைத்தது நான்.

மாலையில் ஊருணி வழியாகத்தான் போனேன்.
செம்மண் கலங்கல், படியில் பாசி.
தண்ணீர்ப்பூச்சி ஒன்று
மேகத்தின் மேல் நடந்துகொண்டிருந்தது.
வண்டியை நிறுத்தினேன்.
ஆய்வகத்துக்கே திரும்பினேன்.

குளிர்பெட்டியில் முதல் நாள் நீர், முறிக்காதது,
ஷெரீபாவின் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில்,
குடிக்கிற பாட்டில் போலவே நின்றது.
சீட்டு ஒட்டியிருந்தேன்.
ஈரத்தில் உரிந்து கிடந்தது.

மேசையில் இருந்த நீல மையை எடுத்து
ஒரு சொட்டு விட்டேன்.
நூலாக இறங்கிற்று, பாதியில் வெளுத்தது.
இன்னொரு சொட்டு.
அதையும் தின்றது.
போன் அடிக்கிறது, வைரவன்தான்.
அடிக்கட்டும்.
ஏழாவது சொட்டு
நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.